கூலன்ட் நஞ்சும் குமட்டலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரோ கூலன்ட் குடித்துவிட்டார் என்று தெரிந்தோ சந்தேகப்பட்டோ இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். இந்தியாவில் 108, இலங்கையில் 1990 எண்ணை உடனே அழையுங்கள். குடித்தவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்றாலும் அழையுங்கள். ஏன் என்பது கீழே இருக்கிறது. மற்றவர்கள் நிதானமாகப் படிக்கலாம்.

பனியே விழாத ஊரில் உறைதடுப்பு ரசாயனம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் காரிலிருந்து. குளிர்நாடுகளில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சினில் விரிசல் விழாமல் இருக்க எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். தண்ணீரும் அதுவும் பாதிக்குப் பாதி கலந்தால், சுழியத்துக்குக் கீழே 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. அதே கலவை தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அதில் சேர்க்கப்படும் பொருள்கள் துருவையும் தடுக்கின்றன. சித்திரை வெயிலில் வேலூர் சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டும்தான் தேவை. ஆகவே நம் கடைகளில் அது ‘கூலன்ட்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது.

பச்சை, சிவப்பு, நீலம் என்று கண்ணைக் கவரும் நிறங்களில் வந்தாலும் அவையெல்லாம் சாயம்தான். எத்திலீன் கிளைக்காலுக்கு நிறமும் இல்லை, குறிப்பிட்டுச் சொல்லும்படியான வாசனையும் இல்லை. சற்றுக் கெட்டியாக, இனிப்பாக இருக்கும். பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் குழாய்களிலும், விமானங்களின் மேல் படியும் பனியை நீக்கும் திரவங்களிலும் இதுவோ இதன் உறவு ரசாயனங்களோ உண்டு. பிரேக் ஆயிலில் இருப்பவையும் அதே குடும்பம்.

குடித்தால் ஏன் குமட்டுகிறது?

இந்த நஞ்சில் குமட்டல் மூன்று வேறு காரணங்களால், மூன்று வேறு நேரங்களில் வரக்கூடும். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றுவதுதான் தொல்லை.

முதல் குமட்டல் குடித்த அரை மணி நேரத்திலேயே தொடங்கலாம். எத்திலீன் கிளைக்கால் இரைப்பையின் உட்சுவரை உறுத்துகிறது. அத்துடன் மிக வேகமாக இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. வேதியியல்படி இதுவும் ஒரு ஆல்கஹால். ஆகவே மது செய்வதையெல்லாம் செய்யும். தலை சுற்றும், பேச்சு குழறும், நடை தள்ளாடும், வாந்தி வரும். வாயில் மது வாடை மட்டும் இருக்காது.

இரண்டாவது குமட்டலின் காரணம் வேறு. கல்லீரலில் மதுவைச் சிதைப்பதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. அது எத்திலீன் கிளைக்காலையும் மதுவைப் போலவே எடுத்து வேலையைத் தொடங்குகிறது. அதில் தொடங்கி, அடுத்தடுத்த நொதிகள் வழியாகக் கிளைக்காலிக் அமிலமும், கடைசியில் ஆக்சாலிக் அமிலமும் உருவாகின்றன. இரத்தம் அமிலமாகிறது, உடல் அதைச் சமாளிக்க ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறது, கூடவே மீண்டும் குமட்டலும் வயிற்று வலியும் வருகின்றன.

மூன்றாவது, சிறுநீரகம் செயலிழந்த பிறகு வருவது. ஆக்சாலிக் அமிலம் இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய படிகங்களாகிச் சிறுநீரகக் குழாய்களில் படிகிறது. பெரும்பாலான சிறுநீரகக் கற்களும் இதே கால்சியம் ஆக்சலேட்தான்; ஆனால் கல் உருவாக மாதக்கணக்கில் ஆகும், இங்கே ஓரிரு நாளில் சிறுநீரகம் முழுவதும் படிந்துவிடுகிறது. வெளியேற வேண்டிய யூரியா போன்ற கழிவுகள் இரத்தத்தில் தேங்கும்போது சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்கரிக்கும்.

ஆக, குடித்த பொருளைவிட அதிலிருந்து நம் கல்லீரல் தயாரிக்கும் பொருள்களே ஆளைக் கொல்கின்றன. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது. முதல் குமட்டல் நேரத்தில் நஞ்சின் பெரும்பகுதி இன்னும் அமிலமாக மாறியிருக்காது. மருத்துவத்தால் மிக அதிகம் சாதிக்க முடிகிற நேரம் அதுதான். அந்த நேரத்தில்தான் வீட்டில் ‘வயிற்றுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள்.

குடித்தவருக்குக் குமட்டலே இல்லை. அப்படியானால் பயமில்லையா?

பயம் இருக்கிறது. சிறிதளவு குடித்தவர்களுக்கும் கூடவே மது குடித்தவர்களுக்கும் முதல் சில மணி நேரம் எதுவும் தெரியாமல் போகலாம். மது உள்ளே இருக்கும்போது கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்கும். எத்திலீன் கிளைக்கால் காத்திருக்கும். அறிகுறிகள் தள்ளிப்போகுமே தவிர இல்லாமல் போகாது.

வாந்தி எடுத்துவிட்டார். நஞ்சு வெளியே வந்திருக்குமே?

ஒரு பகுதி வந்திருக்கலாம். எவ்வளவு என்று வாந்தியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குடித்தது ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும். வாந்தி எடுத்து, முகம் கழுவி, ‘இப்போது பரவாயில்லை’ என்று படுத்துக்கொள்பவர் எழுந்திருக்கும்போது அமிலம் ஏறியிருக்கும்.

எத்தனை மணி நேரத்தில் என்ன நடக்கும்?

பாடநூல்கள் மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றன. முதல் 12 மணி நேரத்துக்குள் மூளை சார்ந்தவை: போதை, குமட்டல், வாந்தி, கடுமையானால் வலிப்பு, நினைவிழப்பு. 12 முதல் 24 மணி வரை இதயமும் நுரையீரலும்: இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். 24 முதல் 72 மணிக்குள் சிறுநீரகம்: இடுப்பின் இரு பக்கமும் வலி, சிறுநீர் குறைதல், நின்றுபோதல். எல்லாரும் இந்த வரிசையில் போவதில்லை. அதிகம் குடித்தவருக்கு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரலாம். சிலர் சிறுநீர் நின்ற பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

சாதாரண வாந்திக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

வாந்தியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கூட வருவதைப் பாருங்கள். மது வாடை இல்லாத தள்ளாட்டம், காய்ச்சலோ ஓட்டமோ இல்லாமல் ஆழ்ந்து வாங்கும் மூச்சு, நேரத்துக்குப் பொருந்தாத தூக்கக் கலக்கம், சிறுநீர் குறைவது. வயிற்றுப்போக்கு இல்லாமல் வாந்தி மட்டும் எடுக்கும் குழந்தை எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

சுற்றுப்புறத்தையும் பாருங்கள். வாகனப் பட்டறைகளில் மீந்த கூலன்ட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கும் பழக்கம் உண்டு. பச்சை நிறத் திரவம், குளிர்பான பாட்டில், தாகத்தோடு ஓடிவரும் குழந்தை. இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசித்துக்கூடச் செய்ய முடியாது.

எவ்வளவு குடித்தால் ஆபத்து?

குழந்தைக்கு ஓரிரு வாய் போதும். பெரியவருக்கும் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று வீட்டிலிருந்தபடி நம்பத்தக்க அளவு எதுவும் இல்லை. புட்டியிலுள்ளது நீர்த்ததா செறிவானதா என்பதைப் பொறுத்தே கணக்கு மாறிவிடும். நாக்கில் பட்டவுடன் துப்பியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் அதை மருத்துவர் சொல்லட்டும்.

தற்கொலை எண்ணத்தோடு குடித்திருந்தால் மருத்துவமனையில் அதை மறைக்காதீர்கள். ‘ஏதோ தவறுதலாக’ என்று மழுப்புவதால் அளவும் நேரமும் தவறாகச் சொல்லப்படுகின்றன. சிகிச்சை அந்த இரண்டின்மேல்தான் நடக்கிறது. அப்படியோர் எண்ணம் உங்களுக்கே இருக்கிறது என்றால், இந்திய அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

கூடாது. நஞ்சு குடித்தவருக்கு நம் ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பாதி மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். உப்பு அதிகமானால் இரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைகளுக்கு வலிப்பு வரும். தானாக வாந்தி எடுக்கிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பாட்டிலை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். லேபிள் இருந்தால் அதுவே பாதிப் பரிசோதனை.

சாராயம்தான் இதற்கு முறிமருந்து என்கிறார்களே?

உண்மைதான். அந்த உண்மையை வீட்டில் பயன்படுத்தக் கூடாது என்பதும் உண்மை.

மேலே சொன்ன நொதிக்கு எத்திலீன் கிளைக்காலைவிட மதுவிலுள்ள எத்தனால்மேல் பல மடங்கு நாட்டம். இரத்தத்தில் எத்தனால் குறிப்பிட்ட அளவு இருந்தால், நொதி அதிலேயே மூழ்கிக் கிடக்கும்; எத்திலீன் கிளைக்கால் மாறாமல் சிறுநீரில் வெளியேறும். பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகளில் இப்படித்தான் சிகிச்சை தந்தார்கள். இன்றும் வேறு வழியில்லாத இடங்களில் தருகிறார்கள். ஆனால் அளவு குறைந்தால் பயனில்லை. கூடினால் மூச்சு அடங்கும், குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கும். அடிக்கடி இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. பக்கத்துக் கடையில் வாங்கி வாயில் ஊற்றுவது சிகிச்சையாகாது.

இதற்கென்றே உள்ள மருந்து ஃபோமெபிசோல். அமெரிக்காவில் 1997-ல் எத்திலீன் கிளைக்கால் நஞ்சுக்கு அனுமதி பெற்றது. அதே நொதியை அடைக்கிறது, போதை தருவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்த மருந்தின் பெயர் தமிழ்ச் செய்தித்தாள்களில் அடிபட்டது நினைவிருக்கலாம். மெத்தனாலையும் நஞ்சாக்குவது அதே நொதி; ஆகவே இரண்டுக்கும் ஒரே பூட்டு.

மருத்துவமனையில் வேறு என்ன செய்வார்கள்?

கரித்தூள் கொடுப்பதில்லை, பல நஞ்சுகளை உறிஞ்சும் கரி இதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அமிலத்தைச் சமன்செய்ய சோடியம் பைகார்பனேட், துணைக்கு வைட்டமின் பி1, பி6 ஆகியவை தரப்படும். அமிலம் மிகுந்தாலோ சிறுநீரகம் தளர்ந்தாலோ டயாலிசிஸ். அது நஞ்சையும், அது மாறிய அமிலங்களையும் சேர்த்தே வெளியேற்றுகிறது.

எத்திலீன் கிளைக்காலை நேரடியாக அளக்கும் பரிசோதனை பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. இரத்தத்தின் அமிலத்தன்மை, இரத்த உப்புகளின் நேர், எதிர் மின்னேற்றக் கணக்கில் விழும் இடைவெளி, கால்சியம் குறைதல், சிறுநீரில் படிகங்கள் ஆகியவற்றை வைத்தே முடிவுக்கு வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: சில கருவிகள் கிளைக்காலிக் அமிலத்தை லாக்டிக் அமிலம் என்று தவறாகப் படித்து மிகப் பெரிய எண்ணைக் காட்டும். அதை நம்பி வேறு நோயைத் தேடியவர்கள் உண்டு. சிறுநீரைப் புறஊதா விளக்கில் பிடித்தால் ஒளிரும் என்ற கதையையும் அதிகம் நம்ப வேண்டாம். எல்லாக் கூலன்ட்டிலும் ஒளிரும் சாயம் இல்லை, சாயம் இல்லாத சிறுநீரும் சில நேரம் ஒளிரும்.

இருமல் மருந்தில் ‘கூலன்ட் ரசாயனம்’ என்று செய்தி வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு. செய்திகளில் வருவது பெரும்பாலும் டைஎத்திலீன் கிளைக்கால். சில நிகழ்வுகளில் எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்தே இருந்திருக்கிறது. டைஎத்திலீன் கிளைக்காலும் இனிக்கும், அதுவும் கல்லீரலில்தான் நஞ்சாகிறது. ஆனால் அது ஆக்சாலிக் அமிலமாக மாறுவதில்லை. டைகிளைக்காலிக் அமிலம் என்ற வேறொரு பொருளாகிச் சிறுநீரகக் குழாய்களின் செல்களையே அழிக்கிறது. சிறுநீரில் படிகம் தேடினால் கிடைக்காது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி முதலில். ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீர் நிற்கும். பிழைத்தவர்களில் சிலருக்கு ஒரு வாரம் கழித்து முகமும் கைகால்களும் தளரும்.

இது எப்படி மருந்துக்குள் வருகிறது? சிரப்பில் மருந்தைக் கரைக்கக் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்கள் தேவை. மருந்துத் தரத்தில் அவை விலை கூடியவை. தொழிற்சாலைத் தரத்தில் மலிவு, ஆனால் இந்த நஞ்சு கலந்திருக்கலாம். பார்வைக்கும் சுவைக்கும் வித்தியாசமில்லை. பீப்பாயின் லேபிளை நம்பி, பரிசோதிக்காமல் ஊற்றிவிட்டால் முடிந்தது. பரிசோதனை ஒன்றும் அரிய வித்தையல்ல என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

இந்தக் கதை 1937-ல் அமெரிக்காவில் தொடங்கியது. மாசென்கில் என்ற நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்ப்பெர்ரி சுவை சேர்த்து விற்றது. சுவை பார்த்தார்கள், வாசனை பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. அன்றைய சட்டமும் கேட்கவில்லை. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆல்கஹால் கலந்த மருந்துக்கே உரிய ‘எலிக்ஸர்’ என்ற பெயரை வைத்துவிட்டு அதில் ஆல்கஹால் சேர்க்காத குற்றத்துக்குத்தான் நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுக்க முடிந்தது. மறு ஆண்டு, 1938-ல், விற்கும் முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது.

பாடம் அங்கே முடிந்திருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இறந்தனர். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 1998-ல் குர்கானில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள். 2022-ல் இந்தியாவில் தயாரான சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டு காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளும் உஸ்பெகிஸ்தானில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகளும் இறந்தனர். அதே ஆண்டு இந்தோனேசியாவில் உள்நாட்டுச் சிரப்புகளால் சுமார் 200 குழந்தைகள். இதற்குப் பிறகு, 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று இந்தியா விதித்தது. ஏற்றுமதியாகும் மருந்துகளை. நம் குழந்தைகள் குடிப்பதை அல்ல.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் அதன் விலை தெரிந்தது. சளி, காய்ச்சலுக்குச் சிரப் குடித்த குழந்தைகளுக்கு வாந்தி வந்து, சிறுநீர் நின்று, பலர் நாக்பூர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ‘கோல்ட்ரிஃப்’ என்ற அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீசன் நிறுவனத்தில். அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் என்று தெரிந்தது. அனுமதிக்கப்படும் உச்சவரம்பு 0.1 சதவீதம். மாதிரி கிடைத்ததும் தமிழ்நாட்டு அதிகாரிகள் வேகமாகச் செயல்பட்டார்கள் என்பது உண்மை. அதுவரை அந்த ஆலை எப்படி இயங்கியது என்ற கேள்வியும் அதே துறைக்குத்தான்.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்வது? வீட்டில் சோதிக்க முடியுமா?

முடியாது. சுவையோ நிறமோ எதையும் காட்டாது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம்: இந்த மருந்து தேவையா? இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளைத் தர வேண்டாம் என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. பெரும்பாலான சளி தானாகவே போகும். மருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரசீதையும் புட்டியையும் குழந்தை தேறும்வரை தூக்கிப் போடாதீர்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது. சளிக்கு மருந்து குடிக்கும் குழந்தைக்குப் புதிதாக வாந்தி வந்து, சிறுநீரும் குறைந்தால், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த வேளையைத் தராமல், புட்டியோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

புரோப்பிலீன் கிளைக்கால் என்று லேபிளில் பார்த்தேன். அதுவும் நஞ்சா?

தூய்மையானதாக இருந்தால், சாதாரண அளவில் இல்லை. உடல் அதை லாக்டிக் அமிலமாக மாற்றிச் சமாளித்துவிடும். உணவிலும் மருந்திலும் அனுமதி பெற்ற பொருள். குளிர்நாடுகளில் ‘பாதுகாப்பான’ கூலன்ட் என்று விற்கப்படுவதும் இதை வைத்துச் செய்ததுதான்.

ஒயினில் கூலன்ட் கலந்தார்களாமே?

1985, ஆஸ்திரியா. ஒயினை இனிப்பாகவும் கெட்டியாகவும் காட்டச் சில தயாரிப்பாளர்கள் டைஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தார்கள். அளவு குறைவு என்பதால் கொத்துக்கொத்தாகச் சாவுகள் நிகழவில்லை. நாட்டின் ஒயின் ஏற்றுமதிதான் படுத்துவிட்டது.

காருக்குள் இனிப்பான வாடை வருகிறது, குமட்டுகிறது. நஞ்சேறிவிட்டதா?

எத்திலீன் கிளைக்கால் சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகாது. தோல் வழியாகவும் அதிகம் உள்ளே போகாது. மேலே பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். காருக்குள் வாடை வந்து கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போலப் படிந்தால், ஹீட்டர் பகுதியில் கசிவு இருக்கிறது. சூடான ஆவி தொண்டையை உறுத்தும், தலைவலியும் குமட்டலும் தரும். சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குப் போவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

கசப்பு சேர்த்துவிட்டால் பிரச்சினை தீராதா?

டெனட்டோனியம் என்ற கடும் கசப்புப் பொருள் இருக்கிறது. 2012 இறுதியில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நாடு முழுவதும் விற்கும் கூலன்ட்டில் அதைச் சேர்க்கத் தாமாக ஒப்புக்கொண்டார்கள். முதல் வாயைக் கசப்பு தடுக்காது, இரண்டாவதைத் தடுக்கலாம். பெயர் எழுதிய, மூடி இறுகிய, கடையில் வாங்கிய அதே டப்பாவிலேயே வைப்பது இதைவிடப் பயன் தரும், செலவும் இல்லை.

பிழைத்தவருக்குச் சிறுநீரகம் திரும்புமா?

பலருக்குத் திரும்புகிறது, வாரங்களோ மாதங்களோ டயாலிசிஸ் தேவைப்படலாம். சிலருக்கு நிரந்தரப் பாதிப்பு நிற்கும். ஓரிரு வாரம் கழித்து முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அது புதிய நோய் அல்ல. அதே நஞ்சு நரம்புகளில் விட்ட தடம். திரும்பவும் போய்க் காட்ட வேண்டும்.

வாசலில் கூலன்ட் சிந்தியதை நாய் நக்கிவிட்டது.

மனிதருக்கு நடப்பதே அதற்கும், இன்னும் வேகமாக. தள்ளாடும், வாந்தி எடுக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், பிறகு தேறியதுபோல இருக்கும். அந்தத் தேறுதலை நம்பாதீர்கள். நாய்க்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் முறிமருந்து தொடங்க வேண்டும். பூனைக்கு 3 மணி நேரம்தான். அதற்கு மிகச் சிறிய அளவே போதும், பாதத்தில் ஒட்டியதை நக்கினால்கூட ஆபத்து. சிந்திய இடத்தில் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வண்டியின் அடியில் மறுபடியும் ஈரம் தெரிந்தால் கசியும் குழாயை அன்றே மாற்றிவிடுங்கள்.